இராஜபாளையம் வீடு காக்கும் கமிட்டி

உலகத்தையே பொருளாதார மந்தம் உலுக்கியெடுத்த 1931-இல், அதை மார்தட்டி எதிர்த்த ஊர் இராஜபாளையம் ஒன்றே. அமெரிக்காவில் பாங்குகளை மூடினார்கள். நாங்கள் கமிட்டி திறந்தோம். பெயர், 'ஏழைகள் வீடு காக்கும் கமிட்டி'. தலைவர் சுந்தரபாண்டியன் அவர்கள். ஊரில் பாதி வீடுகள் அவரிடம் அடமானத்தில் இருந்தன. ஏழைகளின் வீடுகள்மேல் அவ்வளவு கண்ணாயிருப்பவர் வேறு யார்? காரியதரிசி, அடியேன்.

முதல் மனு, பருத்தி போடும் சம்சாரி சோலைச்சாமியுடையது. பருத்தி விலை படுத்துவிட்டதால் வட்டி நின்றுபோய், தலைவர் போட்ட வழக்கில் அவர் வீடு ஏலத்துக்கு வந்திருந்தது. தவணை கேட்டுத் தலைவரிடமே வந்தார். கமிட்டி நேரில் போய் 'வறுமையைப் பரிசீலித்தது'.

தலைவர் வாசற்கதவைத் தட்டிப் பார்த்தார். "ஏலே சோலைச்சாமி, தேக்கால்ல இருக்கு! தேக்குக் கதவு போட்டவன் ஏழையாலே?"

மனு தள்ளுபடி.

சோலைச்சாமி அன்றே கதவைக் கழற்றி விற்று, வந்ததை வட்டிக்குக் கட்டினார். அவர் மனைவி வெள்ளத்தாய் வாசலில் சாக்குப் படுதா தைத்துத் தொங்கவிட்டாள். பிள்ளைகள் அதில் முகம் நுழைத்து விளையாடினார்கள். கமிட்டி மறுபடியும் பரிசீலித்தது.

"கதவில்லாதது எப்பிடிடே வீடாகும்?" என்றார் தலைவர் வருத்தத்துடன். "நம்ம கமிட்டி வீட்டைத்தானே காக்கும்!"

எப்பேர்ப்பட்ட நுட்பம்! நான் கைதட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஏலம். தலைவர் வாய் திறந்ததும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சோலைச்சாமி தலைகுனிந்து நின்றார். வெள்ளத்தாய் மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏய்யா, அது வீடே இல்லேன்னு நீங்கதான சொன்னீக? இல்லாத வீட்டை எதுக்கு ஏலம் கேக்கீக?"

கோர்ட்டுச் சேவகன்கூடச் சிரித்துவிட்டான். தலைவர் சிரிக்கவில்லை.

"நான் மண்ணைத்தாம்மா கேக்கேன்" என்றார்.

"அதைத்தான் எங்க வாயில போட்டுட்டீகளே!"

ஏலம் தலைவர் பேரில் முடிந்தது. வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்து சாக்கை அவிழ்த்து உதறி மடித்தாள். "வாங்க போவோம்" என்று கடைக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். குடும்பம் கான்சாபுரத்துக்குக் கூலி வேலை தேடி நடந்தது. சோலைச்சாமி மட்டும் தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அவரைப் பின்பற்றி மற்ற மனுதாரர்களும் வீடுகளைத் தலைவரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கமிட்டிக்கு முழு வெற்றி. வீடு பறிபோகும் அபாயத்தில் இன்று எங்கள் ஊரில் ஓர் ஏழைகூட இல்லை. பறிப்பதற்குத்தான் வீடே மிச்சமில்லையே!