பெட்ரோலியம் இல்லாமையின் வரலாறு

சங்கராபுரத்தில் 'கனிமச் சுரங்க மற்றும் பெட்ரோலிய மண்ணியல் வரலாற்று ஆவண ஆய்வு நிதியுதவிப் பிரிவு' என்றொரு அலுவலகம் சீரும் சிறப்புமாக இயங்கி வந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிவிட்டதால் பக்கத்து உரக்கடையையும் பாதி மறைத்திருந்தது. உள்ளே ஒரு மேசை, ஓர் இரும்பு பீரோ, கண்காணிப்பாளர் தெய்வசிகாமணி. மூன்று வருடமாக நிதி கேட்டு ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த மாதனும் நிதிக்காக வரவில்லை. அவன் தாத்தா காலத்தில் இரும்புக்கல் தேடி வந்த சர்வே அதிகாரி ஒருவர், ஊரில் ஒருவர் காடு விடாமல் குழி வெட்டிப் பார்த்து, யார் காடு, என்ன பயிர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இந்த பீரோவுக்குள் இருப்பதாக வி.ஏ.ஓ. சொல்லியிருந்தார். அடுத்த மாதம் பட்டா விசாரணை. மூன்று தலைமுறையாக உழுகிறோம் என்பதற்கு ஊரில் யாரிடமும் வேறு அத்தாட்சி கிடையாது. அது இல்லாவிட்டால் மாதனின் இரண்டு ஏக்கர் சாமைக்காடு கையைவிட்டுப் போய்விடும்.

"ஒரே ஒரு பக்கம் பாத்துக்கினு போயிடறேங்க" என்றான் மாதன்.

"சும்மா பாக்கறதுக்கு ரூல் இல்லப்பா. ஆய்வுதான் பண்ணலாம்."

"ஆய்வுன்னா இன்னாங்க?"

"பாக்கறதுதான். நிதி வாங்கிக்கினு பாக்கணும்."

"எனுக்கு நிதி வாணாங்க."

தெய்வசிகாமணி பேனாவைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருட சர்வீஸில் இப்படியொரு பேச்சை அவர் கேட்டதில்லை.

"வாணாம்னு எழுதிக் குடுக்க ஃபாரமே கெடையாதுப்பா. ஆய்வுத் தலைப்பச் சொல்லு. பெட்ரோலியம் கண்டிப்பா வரணும்."

"எங்க மலையில பெட்ரோல் ஏதுங்க?"

"இல்லன்றதுக்கு உங்கிட்ட ஆதாரம் இருக்குதா?"

மாதன் யோசித்துப் பார்த்தான். இல்லைதான்.

"அப்ப அதையே ஆய்வு பண்ணு" என்றார் தெய்வசிகாமணி.

'கல்வராயன் மலையில் பெட்ரோலியம் இல்லாமையின் வரலாறு: சாமைக்காட்டு நோக்கில் ஒரு முன்னாய்வு' ஒன்பதே நாளில் ஏற்கப்பட்டது. டீசல் இல்லாமையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று மட்டும் வல்லுநர் குழு பரிந்துரைத்தது.

விழா நடந்தது. மாதனுக்குச் சால்வை போர்த்தி, நிதிக்கான காசோலையைக் கையில் கொடுத்தார்கள். மரக்கன்று நட இடம் இல்லாததால் அதைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு நர்சரிக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு பீரோ திறக்கப்பட்டது. பதினேழாம் பக்கத்தைத் தெய்வசிகாமணி படித்துச் சொன்னார்: "சாமைக்காடு. உழுபவர் சடையன்." தாத்தா பெயரைக் கேட்டதும் மாதன் சால்வையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஊரிலிருந்த முப்பத்தெட்டுக் குடும்பத்தின் பெயரும் அதே நோட்டில் இருந்தது.

சேதி மலையேறியதும் ஊரே கொண்டாடியது. இந்தக் காலத்தில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒரு காதுகுத்துகூட நடப்பதில்லையே! பஸ் நிறுத்தத்தில் இருபதடி உயரத்தில் ஒன்று எழுந்தது. 'பெட்ரோலிய ஆய்வாளர் மாதன் அவர்களை வாழ்த்தி மகிழும் ஆய்வுக் குழுவினர்' என்று போட்டு, கறுப்புக் கண்ணாடியும் கும்பிட்ட கையுமாக முப்பத்தெட்டு வீட்டு ஆண்களும் அதில் நின்றார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி வெற்றிசெல்வன் கை சுத்தமானவர். பதினேழாம் பக்கத்தின் நகலைப் பொறுமையாகப் படித்தார்.

"உங்க தாத்தா விவசாயி. சந்தேகமே இல்ல" என்றார்.

மாதனுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா நீங்க ஆய்வாளர். பட்டா உழுறவங்களுக்குத்தான்." வரும் வழியில் ஃப்ளெக்ஸைப் பிடித்த படத்தைப் போனில் காட்டினார். "இதுல இருக்கிற முப்பத்தெட்டு பேருமே ஆய்வுக் குழு."

"ஐயோ, ஆய்வுலாம் ஒன்னும் பண்ணலீங்க!"

"அரசு நிதி வாங்கியிருக்கீங்க. பண்ணலன்னா அது மோசடியாயிடும். பண்ணீங்களா, பண்ணலியா?"

மாதன் ஊரைப் பார்த்தான். ஊர் தரையைப் பார்த்தது.

"பண்ணோங்க" என்றான் மாதன்.

மனுக்களை ஓரமாகத் தள்ளிய வெற்றிசெல்வனுக்கே மனசு கேட்கவில்லை. "இந்த ஃப்ளெக்ஸ்ல இல்லாத ஆளு யாராவது இருக்கீங்களா? அவங்களுக்கு இப்பவே எழுதிடறேன்."

பின்வரிசையிலிருந்து மாதனின் மனைவி பெருமாயி எழுந்தாள். களை வெட்டிவிட்டு நேராக வந்திருந்தாள், காலில் மண் காயவில்லை.

"நாங்க இருக்கறோங்க, பொம்பளைங்க. காட்டுல பாடுபடறது பூரா நாங்கதான். எங்க படத்த எவனும் போடல."

வெற்றிசெல்வன் முகம் மலர்ந்தது. முப்பத்தெட்டு மனுவையும் மறுபடி இழுத்து வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மனுவுலயும் உங்க பேர எவனும் போடலியேம்மா" என்றார்.