சோப்புத் தண்ணீருக்கு அகப்படாத கசிவு

இரும்புக் குழாய்க்குள் மறுபடியும் 'டப்' என்று வெடித்துவிட்டுக் கேஸ் பர்னர் அணைந்தது. நூலகர் தீப்பெட்டியும் கையுமாக அசையாமல் நின்றார்.

சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"மாப்பிள்ளை! உள்ள ஒண்ணும் ஆகலையே?" மாமனாரின் குரல்.

நூலகர் கொட்டகையின் கதவு வழியாகக் குளியலறைக்குள் பாய்ந்து, தண்ணீரைத் திறந்துவிட்டார். "ஒண்ணுமில்ல மாமா!"

"இல்ல, சத்தம் பலமா இருந்துச்சே?"

உண்மையைச் சொன்னால் குடும்பத்தில் பூகம்பம். சொல்லாவிட்டால் மானம் போகும். மானத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

"கொஞ்சம் கேஸ் ட்ரபிள் மாமா."

யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான்.

நூலகருக்குக் கொல்லுவேலை மேல் ஒரு பைத்தியம். பகலெல்லாம் "சத்தம் போடாதீங்க" என்று அடுத்தவர் வாயை அடைக்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பட்டறைக்கல்லில் போட்டுச் சாத்த ஆசைப்பட்டார். குளியலறையை ஒட்டிய கொட்டகையில், பழைய டிரம்முக்குள் நெருப்புச் செங்கல் அடுக்கி உலை கட்டினார். அதற்குத் தானே ஒரு கேஸ் பர்னர் செய்தார். அது முதல் நாளே தீயைப் பின்பக்கமாகத் துப்பி, கொடியில் காய்ந்த துணிகளையும் அவருடைய ஒரு பக்கத்துப் புருவத்தையும் தின்றுவிட்டது.

"இனிமே அங்க ஒரு தீக்குச்சி உரசினாக்கூட, அந்தப் பட்டறைக்கல்லு பழைய இரும்புக்காரன்கிட்ட போயிடும்" என்று மனைவி கொட்டகையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் சத்தியம் செய்தார். செய்யும்போது மனதாரத்தான் செய்தார். ஆனால் தோற்றுப்போன ஒரு பர்னர் சுவருக்கு அந்தப்பக்கம் கிடக்கும்போது எப்படித் தூக்கம் வரும்? குளியலறையிலிருந்து கொட்டகைக்குப் போக ஒரு கதவு உண்டு. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் அது இருப்பதே மனைவிக்கு மறந்துபோயிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். மாமியார் ஊசியும் நூலுமாக ஒரு மூலையில் உட்கார்ந்தால் வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து மாமனார் பேசுவார், கூடத்துச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி.

சத்தத்தைக் குறைக்க நூலகர் கேஸைக் குறைத்தார். வேகம் குறைந்ததும் தீ குழாய்க்குள் ஓடிவந்து 'டப் டப் டப்' என்று வரிசையாக வெடித்தது.

வெளியே வந்தபோது இஞ்சித் தண்ணீர் காத்திருந்தது.

"சூடா ஒரே மூச்சுல குடிங்க" என்றார் மாமனார். "உருளைக்கிழங்கத் தொடாதீங்க. சாப்பிட்டதும் இடது பக்கமா சாய்ஞ்சு படுங்க. எனக்கு இந்த வயசுலயும் இப்படி ஒரு தொந்தரவு கிடையாது, பாத்துக்கங்க."

மறுநாள் நூலகர் பர்னரின் காற்றுத் துளைகளை டேப் போட்டு ஒட்டினார். வெடிப்பது நின்றது. அதற்குப் பதிலாகத் தீ மஞ்சளாகிப் 'ப்ர்ர்ர்ர்' என்று நடுங்கியது. எரியாத கேஸின் அழுகிய முட்டை நாற்றம் கொட்டகையை நிரப்பி, அவருடைய சட்டையிலும் ஏறிக்கொண்டது.

அந்தச் சட்டையோடு கூடத்துக்கு வந்தவரை மாமனார் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தார். "முழங்காலை மடக்கி நெஞ்சோட அணைச்சுக்கங்க. அப்படித்தான். இப்ப அந்தக் காலு." வாசலில் இஸ்திரித் துணி கொண்டுவந்தவர் இதைப் பார்த்துவிட்டுத் துணியைக் கொடுக்காமலே திரும்பிப் போனார். நூலகர் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பெல்லாம் கூசியது.

இதற்கெல்லாம் மேல் ஒரு பெரிய கலக்கம் வந்து சேர்ந்தது. இரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் இருந்தபோது குப்பென்று அதே நாற்றம். எல்லோர் கண்களும் நூலகர் மேல் திரும்பின. மாமியார் மட்டும் எழுந்துபோய், சாய்வு நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து தையலைத் தொடர்ந்தார்.

நூலகருக்கு வயிற்றைக் கலக்கியது, இந்த முறை நிஜமாகவே. சிலிண்டர் வால்வை நன்றாகத் திருகி மூடிவிட்டுத்தானே வந்தார்? கசிகிறதா? வீடே வெடித்துப் போய்விடுமே! அலறியடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினார்.

"பாவம், அடக்க முடியல போல" என்று மாமனார் உச்சுக் கொட்டுவது காதில் விழுந்தது.

ரெகுலேட்டரில், ஹோஸில், இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். கசிந்தால் குமிழி வர வேண்டும். ஒரு குமிழியும் இல்லை. மறுநாள் இரவும் கூடத்தில் நாறியது, மறுபடியும் ஓடினார், அன்றும் குமிழி இல்லை.

வேறு வழியின்றித் தெரிந்த வெல்டருக்குப் போன் செய்து கிசுகிசுத்தார். "பின்னாடி எரியுதுண்ணே... ஆமா, சத்தமும் வருது... ஓட்டை பெருசாயிருக்குமோ?"

திரும்பினால் மனைவி நின்றாள். கண்ணெல்லாம் நீர்.

"இவ்வளவு முத்திப்போச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?" அன்றே டாக்டரிடம் நேரம் வாங்கினாள். நூலகத்துக்கும் போன் செய்து, காரணத்தை விளக்கமாகச் சொல்லி விடுப்பு கேட்டாள். அங்கிருந்த உதவியாளர் உடனே நூலகரின் மேசையை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. தன்னை நம்பி அழுகிறவளிடம் இப்படிப் புளுகுகிறோமே என்று நூலகர் குறுகிப்போனார். டாக்டரைப் பார்ப்பதற்குள் பர்னரைச் சரிசெய்துவிட்டு இந்த நோயை முடித்துக்கொள்ள வேண்டும்.

வெளியே எதுவும் கேட்காமலிருக்க, உலையின் வாயையும் பின்பக்கத் திறப்பையும் செங்கல் வைத்து அடைத்தார். பற்ற வைத்தார். 'டமார்!' குளியலறைக் கண்ணாடி ஆடியது.

தள்ளாடி வெளியே வந்தவரை மாமனார் தோளில் கைபோட்டு உட்கார வைத்தார்.

"மாப்பிள்ளை, நம்மளுக்குள்ள என்ன வெக்கம்? அடக்கறதுதான் தப்பு. போற வழிய அடைச்சா அது எங்க போகும்? உள்ளயே திரும்பி வந்து வெடிக்கும். வாசலைத் தெறந்து விடுங்க. வேகமாப் போகட்டும். சத்தத்தைப் பத்திக் கவலையே படாதீங்க!"

நூலகர் மாமனாரை வாயைப் பிளந்தபடி பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார்.

செங்கற்களை எடுத்தார். டேப்பைப் பிய்த்தார். கேஸைத் தாராளமாகத் திறந்துவிட்டுப் பற்ற வைத்தார். ஹோ என்று ஒரே சீரான இரைச்சல். நீலத் தீ குழாயின் நுனியில் அப்படியே நின்றது. உலை சிவந்தது. இரும்பு சிவந்தது. நூலகர் உலகத்தை மறந்தார்.

கூடத்தில் உலகம் அவரை மறக்கவில்லை. முதலில் "ஆகா, வழி கிடைச்சிருச்சு" என்று மகிழ்ந்த மாமனார், இரைச்சல் நிற்காமல் போகப் போக எழுந்து நின்றார்.

"இது மனுஷனால முடியாதேம்மா!" என்றார் நடுங்கி.

மனைவி அலறினாள். உள்ளிருந்து பதில் இல்லை. நூலகருக்கு இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தச்சர் வந்து குளியலறைக் கதவைப் பெயர்த்தார். எல்லோரும் உள்ளே பாய்ந்து, தண்ணீர் டிரம்மைத் தாண்டி, திறந்திருந்த கொட்டகைக் கதவில் வந்து நின்றார்கள்.

நூலகர் இடுக்கியில் பழுத்த இரும்போடு திரும்பினார். கேஸை மூடினார். அந்த அமைதியிடம் அவருடைய நூலகம் பிச்சை வாங்க வேண்டும்.

தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தச்சர் நாகரிகமாக மேற்கூரையைப் பார்த்தார்.

"பொய் சொன்னீங்க, போகட்டும்" என்றாள் மனைவி, குரல் உடைந்து. "உங்களுக்காக ஊரெல்லாம் வைத்தியம் கேட்டேன், அதுவும் போகட்டும். ஆனா ராத்திரி கூடத்துல நாறுச்சே? வீட்டுக்குள்ள கேஸ் கசியவிட்டுட்டு எல்லாரையும் தூங்க விட்டீங்களே? அதை நான் மன்னிக்க மாட்டேன். பட்டறைக்கல்லு இன்னிக்கே இரும்புக்காரன்கிட்ட போகுது."

"சத்தியமா வால்வை மூடியிருந்தேன்மா" என்றார் நூலகர். அழுதுவிடுவார் போலிருந்தது. "அந்தக் கசிவு மட்டும் எங்கேன்னு கண்டுபிடிக்கவே முடியல. சோப்புத் தண்ணி தடவாத இடமில்ல."

மாமனார் ஏனோ அவசரமாகக் கூடத்தை நோக்கி நகர்ந்தார்.

மாமியார் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். வந்ததிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"கொட்டகைல தேடினா எப்படி மாப்பிள்ளை கிடைக்கும்? அது சாய்வு நாற்காலில உக்காந்து உங்களுக்கு வைத்தியம் சொல்லிக்கிட்டுல்ல இருந்துச்சு!"