தென்பாலத்துக் காய்ச்சல்

சூடான பொருளைக் குளிர வைப்பது யாராலும் முடியும். சூடான பொருளைத் தொடாமல், அதன் பக்கத்தில்கூடப் போகாமல், சூட்டை அடியோடு ஒழித்த பெருமை மனித குலத்தில் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் உண்டு. தாவ்யுவான் நகரில் கணினிக்கு மதர்போர்டு செய்யும் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் மற்ற நிறுவனங்கள் மனம் நொந்துபோகும். ஆகவே சொல்லவில்லை.

அந்த மகத்தான சாதனையின் முதல் வரியை எழுதியவள் மான்லிங். சோதனைப் பிரிவில் வேலை. புதிய மதர்போர்டு வெள்ளிக்கிழமை கடைகளுக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு அவள் கையெழுத்து வேண்டும். அவளோ மூன்று நாளாகக் கையெழுத்துப் போடாமல் இருந்தாள். காரணம், ‘சிப்’ எனப்படும் ஒரு சில்லு.

கணினியில் வட்டு, வலை, விசைப்பலகை எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் அந்தச் சில்லின் வழியாகத்தான் பேச வேண்டும். அதனால் பழைய நாளில் அதற்குத் ‘தென்பாலம்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறிப் பல வருஷம் ஆகியும் அங்கே எல்லோர் வாயிலும் அது தென்பாலம்தான். அதன் தலைக்கு மேலே இரண்டு கிலோ எடையுள்ள கிராபிக்ஸ் கார்டு, சேற்றில் எருமை படுப்பதுபோல அசையாமல் படுத்திருக்கும். எருமைக்கு மூன்று விசிறி. அது விடும் அனல்மூச்சு முழுக்கச் சில்லின் உச்சந்தலையில். எல்லை தொண்ணூற்றைந்து டிகிரி. சில்லு நூற்றெட்டில் இருந்தது. சோதனைக்கு வந்த மூன்று போர்டு அதற்குள் உயிரை விட்டிருந்தன.

மான்லிங் பிரிவுத் தலைவர் வெங்கின் மேஜைக்குப் போனாள்.

“தலைவரே, தென்பாலம் கொதிக்குது.”

“பச்சைப் பொட்டலம் வெச்சியா?”

இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்க வேண்டும் என்று அந்த ஊரில் எல்லா அலுவலகத்திலும் தேங்காய்ச் சுவைப் பொரிப் பொட்டலம் ஒன்றை அதன்மேல் வைப்பார்கள். பச்சை உறைதான் செல்லும்; காலாவதியாகியிருக்கக் கூடாது.

“வெச்சேன். டிசம்பர் வரைக்கும் கெடாது.”

“அப்புறமும் கொதிக்குதுன்னா அதுக்குத் திமிரு.”

“சில்லு மேல ஒரு மூடி இருக்குல்ல, அதைக் கழட்டிடலாம் தலைவரே. காத்து போகும். எண்பத்தஞ்சுக்கு இறங்கிடும்.”

வெங் பேனாவைக் கீழே வைத்தார். “மூடியில நெருப்புப் பறவை பொறிச்சிருக்கும்மா. ஏழு வண்ண விளக்கோட.”

“அதுக்கு மேல கார்டு படுத்துக்குது. பறவை யார் கண்ணுக்கும் தெரியாது.”

“உள்ள இருக்குன்னு வாங்கினவனுக்குத் தெரியும்ல. கௌரவம்னா அதுதான்.”

கௌரவத்துக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் படிவம் உண்டு. மான்லிங் அன்றே படிவம் எழுதினாள்: ‘தென்பாலத்தில் கடும் வெப்பம். வெள்ளிக்குள் குளிர்விக்க வேண்டுகிறேன்.’ செலவு பிடிக்கும் படிவங்கள் எல்லாம் முதலில் பொது நிர்வாகத்துக்குப் போகும். அங்கே இருபத்தாறு வருஷமாக ச்சியூ அக்கா. மின்விளக்கு, கழிப்பறை, மேற்கூரை எல்லாம் அவர் பொறுப்பு. அரை மணி நேரத்தில் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

“மான்லிங், உன் படிவத்தைப் பார்த்தேன். இதுவரைக்கும் எத்தனை விழுந்துச்சு?”

“மூணு, அக்கா. ஒண்ணு நேத்து, ரெண்டு இன்னைக்குக் காலையில.”

“ஐயோ. இப்ப எங்க?”

“பெட்டியில போட்டு டேப் ஒட்டி வெச்சிருக்கேன்.”

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

“உங்க தலைவர்கிட்டச் சொன்னியா?”

“சொன்னேன். அவருக்குப் பறவைதான் முக்கியமாம்.”

“மனுஷனா அவன்,” என்றார் ச்சியூ அக்கா. “நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். ஒன்றாம் கட்டடத்தையும் இரண்டாம் கட்டடத்தையும் இணைக்க வடக்கில் ஒரு பாலம், தெற்கில் ஒரு பாலம் உண்டு. ச்சியூ அக்காவுக்குத் தெரிந்த தென்பாலம் இந்தத் தெற்குப் பாலம்தான். அதற்கு நாலு பக்கமும் கண்ணாடி. ஜூன் மாதத்தில் அதைக் கடப்பவர்கள் வெந்த மீனாக இறங்குவார்கள்; சிலர் மயங்கி விழுவதும் உண்டு. புதன்கிழமை காலைக்குள் அங்கே ஆறு ஏசி, இரண்டு ராட்சத விசிறி, ஜன்னல்களுக்குத் திரை. மக்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து குடியேறினார்கள். படிவம் மூன்று முத்திரையோடு திரும்பியது: ‘தென்பாலம்: பத்தொன்பது டிகிரி. பிரச்சினை தீர்ந்தது.’

மான்லிங் அதைத் தூக்கிக்கொண்டு வெங்கிடம் ஓடினாள்.

“தலைவரே, இது வேற பாலம்.”

வெங் படிவத்தை இரண்டு முறை படித்தார். “தென்பாலம்னு போட்டிருக்கு. குளிர்ந்துடுச்சுன்னு போட்டிருக்கு. நீ முத்திரையைச் சந்தேகப்படறியா?”

“சில்லு இன்னும் நூத்தியெட்டுலதான் இருக்கு.”

“அப்போ தப்பு சில்லு மேல. அது இருக்க வேண்டிய இடத்துல இல்ல.”

தலைமைப் பண்பு என்பது இதுதான். பத்து நிமிடத்தில் சோதனை மேஜை பாலத்துக்கு இடம்பெயர்ந்தது. ராட்சத விசிறியின் வாயில் மதர்போர்டு. பன்றி இறைச்சிச் சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அளவுமானி தொண்ணூற்று மூன்று காட்டியது. கைதட்டினார்கள்.

“போடு கையெழுத்து,” என்றார் வெங்.

“பொய்யில என் பேரைப் போட மாட்டேன், தலைவரே. இதை வாங்கின எவனாவது ராத்திரி பகலா எழுதினது ஒரு நொடியில போயிடும்.”

“பொய் எழுதுன்னு யார் சொன்னா? ‘சோதனை நடந்த சூழல்’னு கீழே ஒரு கட்டம் இருக்கு பார். உண்மையை எல்லாம் அதுல எழுது. அதை யாரும் படிக்கறதில்ல.”

மான்லிங்குக்கு அந்தக் கட்டத்தின்மேல் ஒரு நம்பிக்கை வந்தது. யாராவது ஒருவர் படித்தால் போதும், சரக்கு நின்றுவிடும். கட்டம் நிறைய எழுதினாள்: ‘ஆறு ஏசியும் இரண்டு பெரிய விசிறியும் ஓடும் பாலத்தின்மேல் வைத்தால் மட்டுமே பாதுகாப்பானது. வேறு எங்கே பயன்படுத்தினாலும் சில்லு எரிந்துபோகும்.’ கீழே தன் பெயரைத் தெளிவாக எழுதினாள்.

அவள் நம்பிக்கை வீண்போகவில்லை. சட்டப் பிரிவு அதைப் படித்தது. ஒரு முறை அல்ல, மாறி மாறி நான்கு பேர் படித்தார்கள். படித்து நெகிழ்ந்துபோய், ஒரு எழுத்தும் மாற்றாமல், வாங்குபவருக்குக் கொடுக்கும் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படும் அளவில் அச்சடித்தார்கள். சரக்கு வெள்ளிக்கிழமையே கிளம்பியது. நிறுவனத்தைப் பல கோடி நஷ்ட ஈட்டிலிருந்து காப்பாற்றியதற்காக மான்லிங்குக்கு ‘நேர்மைச் சுடர்’ விருது கொடுத்தார்கள். உண்மை பேசத் தெரிந்தவருக்கு ஏற்ற இடம் என்று வாடிக்கையாளர் சேவைக்கும் மாற்றினார்கள்.

முதல் அழைப்பு கவ்சியுங் நகரத்திலிருந்து வந்தது. ஒரு மாணவன்.

“அக்கா, எட்டு மாசம் எழுதின ஆய்வு. கடைசி அத்தியாயத்தைச் சேமிக்கும்போது படக்குன்னு அணைஞ்சிடுச்சு. வட்டையே காணோம்னு சொல்லுது.”

“நாற்பத்தோராம் பக்கத்தைப் பாருங்க தம்பி,” என்றாள் மான்லிங். அதைத் தவிர வேறு எதுவும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

காகிதம் புரளும் சத்தம். பிறகு வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம்.

“அப்போ இது எரியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

மான்லிங் எதிரே ஒட்டியிருந்த பதில் அட்டையைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கும் ஒரு பதில் அச்சாகியிருந்தது. மெதுவாகப் படித்தாள்.

“தெரியும் ஐயா. தெரியாம எதையும் விக்கிற கம்பெனி நாங்க இல்ல.”