கேட்டால்தான் பேசுவாள் மாதவி

அன்புள்ள அமுதவள்ளிக்கு,

உன் சர்க்கரையும் உன் வீட்டுக்காரரின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். பிரிக்பீல்ட்ஸில் நான் நலம். இன்று வழக்கத்தைவிட நலம்.

உன் மகன் கல்யாணப் பந்தியில், "என்ன அண்ணி, மாதவி டாக்டர் பட்டம் வாங்கிட்டு மருந்து பேக் தூக்கி விக்கிறாளாமே?" என்று கேட்டாய். ரசம் ஊற்ற வந்தவர்கூட நின்று கேட்டார். இப்போது பதில் எழுதுகிறேன். என் மகள் விற்பவள் அல்ல. அபூர்வ நோய்களின் ஆராய்ச்சியை மருத்துவர்களுக்கு விளக்குபவள். கம்பெனியின் புது மருந்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால்தான் வாய் திறக்கலாம். "நானா ஆரம்பிச்சா அது விளம்பரம்மா, வேலை போயிடும்" என்பாள்.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டே உனக்கு எழுதுவது என்று, வியாழக்கிழமை ரயிலேறி, கிள்ளானில் அவள் மருத்துவர்கள் கூட்டத்தில் பேசிய ஹோட்டலுக்கே போனேன். வாசலில் ஷபானா என்ற பெண் வருகைப் பதிவேட்டை நீட்டி, "வாங்க டாக்டர், சைன் பண்ணுங்க லா" என்றாள். மறுக்க அவள் அவகாசம் தரவில்லை. என் கையெழுத்து தெளிவாக இருந்ததைப் பார்த்தாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கை கால் எரியும், வியர்க்காது, இளவயதிலேயே சிறுநீரகம் கெடும் ஒரு நோயைப் பற்றி மாதவி அழகாகப் பேசிவிட்டு, கேள்விகள் உண்டா என்றாள். ஒருவர் வாயிலும் கேள்வி இல்லை, எல்லார் வாயிலும் கறிபாப் பலகாரம். மருந்து இருக்கிறது, சொல்ல அனுமதி இல்லை, பிள்ளை தவித்து நிற்கிறாள்; எனக்குப் பொறுக்குமா? கையைத் தூக்கி, கான்வென்ட் ஆங்கிலத்தில், இதற்கு மருந்து உண்டா என்று கேட்டுவிட்டேன். மாதவியின் முகம் வெளுத்தது. "டாக்டர்... நீங்க எந்த ஹாஸ்பிட்டல்?" என்றாள், பெற்ற தாயைப் பார்த்து. "பிரிக்பீல்ட்ஸ்" என்றேன். பொய்யில்லையே. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, வேறு கேள்விகள் உண்டா என்றாள்.

அப்போது பின்வரிசையில் டாக்டர் பக்கிரிசாமி எழுந்தார். "கேரி தீவுலேருந்து ஒரு பையன் எங்கிட்ட வர்றான். இதே எரிச்சல், வெயில்ல நின்னாலும் வேர்வையே இல்ல. வளர்ற வயசு வலின்னு அனுப்பிட்டேன். இதுதான்னா, என்ன மருந்து இருக்கு?"

கேட்டுவிட்டார்! அதன்பின் மாதவி பேசியபோது கறிபாப்பை ஒருவரும் தொடவில்லை. பையனை இந்த வாரமே சோதனைக்கு அனுப்புகிறாராம். நான் பெருமையில் அழுதேன், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே.

இனி யார் கேட்டாலும், மாதவி விற்பவள் அல்ல என்று நீயே சொல். புதுமணத் தம்பதிக்கு என் ஆசிகள். மருமகளை விடியுமுன் எழுப்பாதே.

உன் அண்ணி,
சந்திரகலா

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் செய்தி வந்தது. மாதவி நடந்ததை அப்படியே அலுவலகத்துக்கு எழுதிவிட்டாளாம். டாக்டர் பக்கிரிசாமி கேட்டது அவராகக் கேட்டது, மகள்மேல் குற்றமில்லை. ஆனால் மருத்துவர் அல்லாத ஒரு முதியவர் கூட்டத்தில் புகுந்து மருந்துக்கு விளம்பரம் செய்ய முயன்றதாகவும், அவரை இனி எங்கும் உள்ளே விடக்கூடாது என்றும் பதில் வந்திருக்கிறது. ஆக, நம் குடும்பத்தில் மருந்து விற்கப் போனவள் ஒருத்தி உண்டு. பெயரை மட்டும் வெளியே விடாதே.