கல்லுக்கு வைத்த பொட்டு

படிக்காதவன் பண்ணுகிற தப்பு சின்னதாக இருக்காது. ஆறாம் வகுப்போடு நின்று, சிங்கப்பூர் பூன் லேயில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டவன் நான். எதைச் செய்தாலும் பெரிசாகத்தான் செய்வேன். (கெடுத்தாலும்தான்.)

என் மகள் கயலுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் பக்கம் சுரங்கத்துக்குள் வேலை. இருட்டில் லேசரை அடித்து, பாறையிலிருந்து திரும்புகிற ஒளியைப் பிரித்து, எங்கே என்ன தாது இருக்கிறதென்று கலர் கலராகப் படம் போடுகிற கேமரா அவள் செய்தது. அதை இங்கேயுள்ள ஒரு கம்பெனிக்கு ஓட்டிக் காட்ட வந்தாள். பிடித்துவிட்டால் சிங்கப்பூரிலேயே வேலை. பிள்ளை தினமும் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். எனக்கு அது போதும்.

இருட்டான இடம் வேண்டுமென்றாள்.

"நம்ம பட்டறை ஸ்டோர் இருக்குலா!" என்று மார்தட்டினேன்.

சுவரோரம் தாதுக்கற்களை அடுக்கிவிட்டு, "மெஷின் மேல கை வச்சீங்க, அவ்வளவுதான்" என்று எச்சரித்தாள். கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே!

எங்கள் பட்டறையில் பொட்டு வைக்காமல் எந்த வேலையும் தொடங்கியதில்லை. மறுநாள் அவள் கம்பெனிக்காரர்களை அழைத்துவரப் போனதும், ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்தேன். 'சாமி, பிள்ளை இங்கேயே இருக்கட்டும்.' வெளியே கார் சத்தம். திட்டுவாளே என்று துண்டால் அழுத்தித் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. (கெட்டிக்காரன்!)

விளக்கை அணைத்தார்கள். லேசர் ஊர்ந்தது. திரையில் ஒவ்வொரு கல்லும் ஒரு நிறம். ஆனால் எல்லாக் கல்லின் நெற்றியிலும் ஒரே மாதிரி வட்டமாக ஒரு ஜொலிப்பு.

கம்பெனிக்காரர் குனிந்து பார்த்தார். "வாட் மினரல் இஸ் திஸ்?"

கயல் ஒரு கல்லை எடுத்து முகர்ந்தாள். "அப்பா... மஞ்சளா?"

"தேக்காவுல வாங்கினதும்மா. சுத்தமான மஞ்சள்."

கல்லே சுத்தமில்லாதபோது படத்தை எப்படி நம்புவது என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பெர்த்துக்கே திரும்பிய அன்று, கயல் விமான நிலையம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் நின்றுகொண்டே இருந்தேன்.

இன்றும் ரைஸ் குக்கர் கெட்டால்கூட, "பொட்டு வச்சீங்களா?" என்றுதான் என் மனைவி கேட்பாள்.

இந்தத் தீபாவளிக்கும் கயல் வரவில்லை. ஒரு படம் அனுப்பியிருந்தாள். கலர் கலராகச் சுரங்கச் சுவர். நடுவில் ஒரு வட்டம் மட்டும் தனியாக ஜொலித்தது. உடனே போன் போட்டேன்.

"யாரும்மா வச்சது?"

"வேற யாரு? நான்தான். மெஷின் ஓடணும்லப்பா."

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல கேமராதான், என் மகள் செய்ததாயிற்றே. மஞ்சளில் பதிந்த அவள் விரல் ரேகைகூடத் தெரிகிறது.