கடைசி நாள்

"போன மாசம் அஞ்சாம் தேதி சம்மன் வந்துச்சு. முப்பது நாளுக்குள்ள பதில் மனு போடணும். இன்னிக்கு நாலாம் தேதி. கடைசி நாள் இன்னிக்கா, நாளைக்கா?"

வக்கீல் குமாஸ்தா ஃபோனில் கேட்டது தன் மனைவியிடம். வக்கீல் விமானத்தில் இருந்தார்.

"அஞ்சாம் தேதியைச் சேர்த்து எண்ணுனீங்களா?"

"வந்த அன்னிக்கேவா?"

"ஏன், அது நாள் இல்லையா? கல்யாணம் ஆன அன்னிக்கே நான் அவஸ்தைப்பட ஆரம்பிக்கலையா?"

குமாஸ்தா விரல்விட்டு எண்ணினார். முப்பது இன்றோடு முடிந்தது. மணி மூன்று, ஐந்துக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். மனு போகாவிட்டால் கட்சிக்காரரான தையல்காரரின் கடை கைவிட்டுப் போய்விடும்.

மனுவை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கத் தையல்கடைக்கு ஓடினார். தையல்காரர் பதற்றத்தில், வக்கீல் ஏற்கனவே போட்டிருந்த கையெழுத்தின் மேலேயே தன் கையெழுத்தைப் போட்டார்.

"அய்யோ! அது வக்கீல் இடம்ணே!"

வக்கீல் அவசரத்துக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வெற்றுத் தாளில் அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடிக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் மனுக்கட்டின் நூல் பிரிந்து தாள்கள் சிதறின.

"குடுங்க, தைக்கிறது நம்ம வேலை," என்று தையல்காரர் தாள்களை மிஷினில் வைத்து ஒரே ஓட்டமாக ஓட்டினார். பிரமாதமான தையல். மூன்றாம் பக்கம் மட்டும் தலைகீழ்.

"பிரிங்கண்ணே!"

"என் தையலு சாமானியத்துல பிரியாதுங்க."

பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, மறுபடி தைத்து, குமாஸ்தா நீதிமன்றக் கவுன்ட்டரை அடைந்தபோது ஐந்தடிக்க ஆறு நிமிடம். ஜன்னலுக்கு முன்னால் ஒரே ஒருவர், பெரிய காகிதக் கட்டோடு.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். விட்டா ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துடும்!"

அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கட்டைப் பார்த்தார். குமாஸ்தாவைப் பார்த்தார். மென்று விழுங்கி, "போங்க," என்று ஒதுங்கினார்.

கவுன்ட்டர் அம்மாள் நிதானமாகப் பக்கங்களை எண்ணி, தேதிகளைச் சரிபார்த்து, முத்திரை குத்தினார். மணி ஐந்து. ஜன்னல் கதவு பாதி இறங்கியது.

குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளைம்மா, கடைசி நிமிஷத்துல தப்பிச்சேன்!"

"உங்களுக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு சார், சம்மன் வந்த நாளைக் கணக்குல சேர்க்கக் கூடாது," என்றார் அம்மாள், கதவை முழுவதும் இறக்கியபடி. "இன்னிக்குக் கடைசி நாள், உங்களுக்கு வழிவிட்டாரே, அவருக்குத்தான்."