வெயிலில் இறுகிய பிறப்புச் சான்றிதழ்

மூலப் பத்திரம் எதையும் எந்த உத்தியோகத்தரும் அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. எங்கள் பதுளை அரசாங்க அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த விதியை வருடக்கணக்காக ஓதியவன் நான். மீறியவனும் நான்தான்.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகம் பூட்டும் நேரம். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லெட்சுமி என்ற பெண் வந்தாள். திங்கட்கிழமை அரசாங்க எழுதுவினைஞர் (கிளார்க்) வேலைக்கு நேர்முகப் பரீட்சை. பிறப்புச் சான்றிதழின் பிரதியை நான் உறுதிப்படுத்த வேண்டும்; மூலத்தையும் அங்கே காட்ட வேண்டும். எங்கள் போட்டோப்பிரதி இயந்திரமோ பழுது.

"கவனங்க ஐயா. இது ஒண்ணுதான் இருக்கு. இத எடுக்கவே அப்பா நாலு வருஷம் அலைஞ்சாரு."

"என்னட்ட இருந்தா பாங்கில இருக்கிற மாதிரி, பிள்ளை. டவுனில பிரதி எடுத்து வைக்கிறன். திங்கள் காலமை வாரும்." (அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

சனிக்கிழமை என் மனைவி சாப்பாட்டு மேசையில் தேயிலைப் பூவை வைத்துப் பதக்கம் செய்துகொண்டிருந்தாள். அவள் தங்கை கனடாவிலிருந்து அனுப்பிய ரெசின். தேன்போல ஊற்றலாம், புற ஊதாக் கதிர் பட்டால் சில நிமிடத்தில் கண்ணாடியாய் இறுகும். கூட வந்த விளக்கை எங்கள் மின்சாரம் முதல் நாளே எரித்துவிட்டதால் வெயிலை நம்பியிருந்தாள். அன்று வெளியே ஒரே மூட்டம்.

யாரும் தொடாத வழிகாட்டித் தாளை நான் வாசித்தேன். முதலாம் பந்தி: ஜன்னலைத் திறக்கவும். இரண்டாம் பந்தி: போத்தலை மூடி வைக்கவும். நான் வரிசை தவறாதவன். ஜன்னலைத் திறந்தேன். திரைச்சீலை வீசியடித்துப் போத்தல் சாய்ந்தது. அதன் கீழே, டவுனில் பிரதியெடுக்க நான் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த லெட்சுமியின் சான்றிதழ்.

"என்னப்பா செய்து போட்டியள்? துடையுங்கோ."

"பொறும். சிந்தினா என்ன செய்யிறதெண்டு இதில இருக்கும்."

ஜன்னலைத் திறக்கக் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். விடை ஏழாம் பந்தியில் இருந்தது: வெயில் படுமுன் துடைக்கவும். தலையை நிமிர்த்தினால் மூட்டம் விலகி, மேசை முழுக்க வெயில். மனைவி பஞ்சும் ஸ்பிரிட்டுமாக ஓடிவந்தபோது சான்றிதழை நகத்தால் தட்டினேன். டக்கென்றது.

பிளாஸ்டிக் மேலுறையிட்டு ஒட்டிய (லமினேட் செய்த) பத்திரம் செல்லாது. அப்படி வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். புதுப் பிரதி எடுக்க மூன்று வாரமாகும்.

திங்கள் காலை வந்த லெட்சுமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் தெரியுதுங்க."

"செல்லாது எண்டு சொல்லுவினம், பிள்ளை."

"இங்க அப்படிச் சொல்றது நீங்கதானேங்க ஐயா? செல்லும்னு எழுதிக் குடுங்க."

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, செல்லும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும் ஆலோசனை கேட்டுக் கடிதம் போட்டேன். மதியம்வரை வாசலையே பார்த்திருந்தேன்.

வந்தாள். "தடவித் தடவிப் பார்த்தாங்க. மழைக்கு ஒண்ணும் ஆகாது போலன்னாங்க. இந்தக் கண்ணாடிப் பூச்ச எங்க போட்டதுன்னு ஒரு ஐயா கேட்டாரு. அவரு மகளோடதுக்கும் போடணுமாம்."

வேலை கிடைத்தது, சில வருடத்தில் எங்கள் அலுவலகத்துக்கே மாற்றலாகி வந்தாள். நான் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் வீட்டில் இன்றும் ஒரே பாட்டுத்தான்: "முதல்ல துடையுங்கோ, பிறகு வாசியுங்கோ."

கொழும்பிலிருந்து பதிலும் வந்தது. அந்தச் சான்றிதழ் செல்லாதாம்; விண்ணப்பதாரியை நேர்முகப் பரீட்சைக்கு அனுமதிக்க வேண்டாமாம். தபால் பதிவேட்டில் திகதியைப் பதிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிதத்தை என் மேசையில் வைத்தவள் லெட்சுமி. அவள் பதிந்த திகதி, நான் ஓய்வுபெற்ற நாள்.